சகாயிங் பிளவு: சொன்ன இடம் உடைந்தது, சொன்ன எல்லையில் நிற்கவில்லை

மியான்மரை வடக்கு தெற்காகக் கிழித்துக்கொண்டு போகிறது சகாயிங் பிளவு. அதில் 19.2° முதல் 21.5° வட அட்சம் வரையுள்ள 260 கி.மீ. துண்டு நெடுங்காலமாக நழுவாமல் கிடக்கிறது, மொத்தமாக உடைந்தால் 7.9 வரை அளவுள்ள நிலநடுக்கம் வரலாம் என்று ஹுருகாவாவும் ஃபியோ மவுங் மவுங்கும் 2011இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, அங்குள்ள நேரப்படி பகல் 12:50க்கு அந்தத் துண்டு உடைந்தது. அளவு 7.7. மியான்மரில் மட்டும் இறந்தவர்கள் 3,700க்கு மேல்.

கணிப்பு பலித்துவிட்டது என்று பல செய்திகள் எழுதின. பாதிதான் சரி. உடைப்பு தொடங்கிய இடம் 22° அட்சத்தை ஒட்டிய சகாயிங்–மாண்டலே பகுதி. அது அந்த 260 கி.மீ. துண்டுக்கு வெளியே, அதன் வடக்கே இருக்கிறது. 1956இலேயே உடைந்த பகுதி அது. அங்கே தொடங்கிய உடைப்பு தெற்கே பாய்ந்து, நழுவாமல் கிடந்த துண்டை முழுக்க விழுங்கி, இன்னும் தெற்கே போய் நின்றது. மொத்த நீளம் 500 கி.மீ.க்குப் பக்கம். இடமும் அளவும் ஏறக்குறையப் பொருந்தின, எல்லைகள் பொருந்தவில்லை. ஒரே பிளவில் திரும்பத் திரும்ப வரும் நிலநடுக்கங்களை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவீடு எங்கே கோணுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு அண்மையில் இல்லை.

செட்டிநாட்டுக்கு இந்த ஊர்ப்பெயர்கள் புதியவையல்ல. மாண்டலே, பெகு, பியூ, டாங்கூ, ரங்கூன் ஆகியவை நம் தாத்தாக்களின் கடிதங்களில் அடிபட்ட பெயர்கள். கானாடுகாத்தான் வீடுகளின் தேக்குத் தூண்களும் அந்த மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவையே. காரைக்குடி வட்டாரத்தின் அடியில் தட்டு எல்லை எதுவும் ஓடவில்லை. இந்தியத் தர நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடம் இந்தப் பகுதியை மிகக் குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில் வைத்திருந்தது. நம் சுவர்களைப் பற்றிய கவலை இங்கே பேச்சில்லை.

பாக்கி எப்படிச் சேருகிறது

பிளவுக்கு மேற்கே உள்ள நிலம் இந்தியத் தட்டோடு சேர்ந்து வடக்கே இழுபடுகிறது. கிழக்கே இருப்பது சுந்தா தட்டு. இந்தியாவுக்கும் சுந்தாவுக்கும் இடையிலான மொத்த நகர்வு ஆண்டுக்கு 35 மி.மீ. அளவு. 1998லும் 2000லும் மியான்மரில் நடந்த ஜி.பி.எஸ். அளவீடுகளின்படி அதில் பாதி, ஏறத்தாழ 18 மி.மீ., சகாயிங் பிளவின் பங்கு. மிச்சம் மேற்கே மலைத்தொடர்களிலும் கடலடியிலும் தீர்கிறது. பிற்கால அளவீடுகளில் சில 20க்கு மேலும் சொல்கின்றன.

பிளவின் அடிப்பகுதி, சுமார் 15 கி.மீ. ஆழத்துக்குக் கீழே, வெப்பத்தால் இளகி மெல்ல மெல்ல நழுவிக்கொண்டே இருக்கிறது. மேலே உள்ள பாறை உராய்வால் பூட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே நகர்ந்து மேலே நகராததால் நடுவில் பாறை வளைகிறது. அந்த வளைவே திரிபு. வளைவின் வடிவம் தெரிந்த ஒன்று: பிளவிலிருந்து உள்ள தூரத்தைப் பூட்டுஆழத்தால் (இங்கே 15 கி.மீ.) வகுத்து, அதற்குத் தலைகீழ் டேன்ஜென்ட் எடுத்து, நகர்வு வேகத்தால் பெருக்கிப் பை (π) என்ற எண்ணால் வகுக்க வேண்டும். எண்களைப் போட்டால் பிளவின் இருபுறமும் 15 கி.மீ. தள்ளி நட்ட இரண்டு கற்கள் ஒன்றையொன்று ஆண்டுக்கு 9 மி.மீ. கடக்கும். 60 கி.மீ. தள்ளி நட்டால் 15 மி.மீ., 150 கி.மீ. தள்ளி நட்டால் 17 மி.மீ. முழு 18 கிடைக்க இன்னும் வெகுதூரம் போக வேண்டும். பிளவின் மேலேயே இருபுறமும் பத்து மீட்டர் தள்ளி நட்டால் எதுவும் தெரியாது. ஒருவேளை அங்கேயும் நகர்வு தெரிந்தால், அந்த இடத்தில் பிளவு பூட்டாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட துண்டில் பாக்கி, அதாவது நழுவ வேண்டியும் நழுவாமல் நிற்கும் நீளம், சேராது.

பிளவை ஒட்டி இந்தத் திரிபு ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 0.4 மி.மீ.க்கும் குறைவு. 1839 மார்ச்சில் பழைய தலைநகர் ஆவாவைத் தரைமட்டமாக்கி, மிங்குன் பெருங்கோயிலின் செங்கற் சுவரைப் பிளந்த நிலநடுக்கத்திலிருந்து 2025 வரை 186 ஆண்டுகள். அத்தனை ஆண்டுக்கும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 7 செ.மீ. பாறையின் விறைப்பை 30 கிகாபாஸ்கல் என்று எடுத்தால் தகைவு, அதாவது பாறைக்குள் சேரும் விசையழுத்தம், 2 மெகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். பெரிய நிலநடுக்கங்களில் பாறை இறக்கிவைக்கும் தகைவு வழக்கமாக 1 முதல் 10 மெகாபாஸ்கலுக்குள் இருக்கும். ஆக, பிளவு உடையத் தயாராக இருந்தது என்பதில் வியப்பில்லை.

இதே கணக்கை நீளமாகவும் போடலாம். 186 ஆண்டை 18 மில்லிமீட்டரால் பெருக்கினால் 3.3 மீட்டர், 22ஆல் பெருக்கினால் 4.1 மீட்டர். இதை ஆய்வாளர்கள் நழுவல் பாக்கி என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். நகரத்தார் பேரேட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: வரவு ஒவ்வோர் ஆண்டும் சீராக ஏறுகிறது, பற்று எப்போதோ ஒருநாள் மொத்தமாக விழுகிறது. சிக்கல் என்னவென்றால், வரவுப் பக்கத்தை மில்லிமீட்டர் சுத்தமாக எழுத முடிகிறது. பற்றுப் பக்கத்தில் 1950களுக்கு முந்தைய எந்தப் பதிவும் முழுசாக இல்லை. எந்த ஆண்டு எந்தத் துண்டு எத்தனை மீட்டர் நழுவியது என்பது தெரியாமல் நிகர இருப்பைச் சொல்ல முடியாது.

கல்லை நட்டு அளப்பது

நடைமுறையில் ஜி.பி.எஸ். அளவீடு அலுப்பான வேலை. பாறை மேலே வந்திருக்கும் இடத்தில் எஃகு ஆணியை எப்பாக்சி வைத்துப் பதிக்கிறார்கள். பாறை இல்லாத சமவெளியில் ஆழமாகக் கம்பி இறக்கிக் கான்கிரீட் தூண் போட வேண்டும். மத்திய மியான்மரின் உலர்மண்டலத்தில் களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். அதன் மேல் மேலோட்டமாக நட்ட கல், தட்டு நகராவிட்டாலும் தானே நடமாடும். ஆண்டெனாவைக் கல்லுக்கு நேர்மேலே முக்காலியில் நிறுத்தி, உயரத்தை மூன்று பக்கமும் அளந்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எழுதிவைக்க வேண்டும். 30 வினாடிக்கு ஒரு பதிவு, ஒரு நாள் என்பது முழு 24 மணி நேரம், குறைந்தது இரண்டு மூன்று நாள். பிறகு அடுத்த ஆண்டோ இரண்டு ஆண்டு கழித்தோ அதே மாதத்தில் வந்து அதே கல்லில் அதே வகை ஆண்டெனாவை வைக்க வேண்டும்.

அதே மாதம் என்பதற்குக் காரணம் மழை. பருவமழைத் தண்ணீரின் பாரம் வங்காள வடிநிலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அமுக்குகிறது, வடிந்ததும் தரை எழும்புகிறது. ஏற்ற இறக்கம் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும், கிடைத்திசையிலும் சில மில்லிமீட்டர் ஆடும். ஒருமுறை மார்ச்சிலும் அடுத்தமுறை செப்டம்பரிலும் அளந்தால் தட்டு நகர்வோடு மழையும் கலந்துவிடும். தொடர்ச்சியாக ஓடும் நிலையத்தில்கூட, பருவ ஆட்டத்தைப் பிரித்தெடுத்து வேகத்தை நம்ப இரண்டரை ஆண்டுப் பதிவாவது வேண்டும் என்பது பொதுவிதி. ஆண்டெனாவை மாற்றினால் பதிவில் படி விழும். குறிப்பேட்டில் அந்த மாற்றத்தை எழுதாமல் விட்டால், பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதை நிலநகர்வு என்று எடுத்துக்கொள்வார். இந்தத் துறையில் பிழைகளில் பெரும்பாலானவை கருவியில் இல்லை, இப்படிக் குறிப்பில்தான் இருக்கின்றன.

பல்லாயிரம் ஆண்டு வேகத்துக்கு வேறு சாட்சி வேண்டும். மாண்டலேக்கு வடக்கே சிங்கு என்ற இடத்தில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பைப் பிளவு வெட்டி நகர்த்தியிருக்கிறது. வெட்டுண்ட விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை வயதால் வகுத்தால் ஆண்டுக்கு 10 முதல் 23 மி.மீ. வருகிறது. வீச்சு பெரிதுதான். ஆனாலும் ஜி.பி.எஸ். சொல்லும் எண் இதற்குள்ளேயே விழுகிறது, ஆகவே இன்றைய வேகம் தற்காலிகமான ஒன்றாக இருக்கும் என்ற ஐயம் குறைகிறது.

குழியும் கோட்டைச் சுவரும்

பற்றுப் பக்கத்தை நிரப்ப ஒரே வழி மண்ணைத் தோண்டுவது. பிளவுக்குக் குறுக்கே 2 முதல் 4 மீட்டர் ஆழத்துக்கு ஆய்வுக் குழி வெட்டுகிறார்கள். இடம் தேர்வதில்தான் பாதி வெற்றி. ஆண்டுதோறும் கொஞ்சம் வண்டல் படியும் தாழ்வான இடமாக இருக்க வேண்டும். ஒரே வெள்ளத்தில் எல்லாம் அரித்துப் போகும் இடம் உதவாது, பல நூற்றாண்டாக எதுவும் படியாத மேடும் உதவாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் சுவருக்கு முட்டு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் நாட்டில் வேலை நடக்கும் காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான்.

வெட்டிய சுவரைக் கொத்துக்கரண்டியால் வழித்துச் சமமாக்கி, ஆணியும் நூலும் கொண்டு ஒரு மீட்டர் கட்டங்கள் போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டமாகப் படமெடுத்து, படிவு அடுக்குகளை ஒன்றுக்குப் பத்து அல்லது இருபது அளவில் கையால் வரைகிறார்கள். தேடுவது இதைத்தான்: பிளவின் கிளை ஒன்று கீழிருந்து மேலேறி வந்து எந்த அடுக்கில் நின்றுவிடுகிறது? அதன் மேல் குலையாமல் படிந்த அடுக்கு எது? அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு நிலநடுக்கம் நடந்திருக்கிறது. வெடிப்புக்குள் மேல்மண் விழுந்து நிரம்பியிருப்பது, அடியிலிருந்து பீறிட்டு வந்த மணல் பரவிக் கிடப்பது போன்றவை துணைச் சாட்சிகள். ஒரே ஒரு சாட்சியை வைத்து நிகழ்வு ஒன்றை எண்ணுவதை நல்ல குழுக்கள் செய்வதில்லை. கிளை ஒன்று பாதியில் நின்றதற்கு அது வெறுமனே மெலிந்து மறைந்ததும் காரணமாக இருக்கலாம். எலி வளையும் மரவேரும் அடுக்கைக் கலைத்துப் பிளவு போலவே தோன்றுவதும் உண்டு.

காலக்கணிப்புக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளிலிருந்து கரித்துண்டு எடுத்துக் கார்பன்-14 பார்க்கிறார்கள். சில மில்லிகிராம் போதும். கரி தரும் வயது மரம் வளர்ந்த காலத்தையே குறிக்கும். நூறாண்டு வாழ்ந்த தேக்கின் நடுவயிரம் எரிந்து கிடைத்த கரி, படிவை நூறு ஆண்டு முந்தியதாகக் காட்டும். ஆகவே சுள்ளி, விதை, உமி போன்ற ஓராண்டுப் பொருளுக்கே முதலிடம். அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. 1650க்குப் பிந்தைய காலத்தில் கார்பன்-14 அளவை ஆண்டாக மாற்றும் திருத்தக் கோடு ஏறி இறங்கித் தட்டையாகக் கிடப்பதால், ஒரே அளவீட்டுக்கு இரண்டு மூன்று காலங்கள் பொருந்தும். 1839ஆ, அதற்கு நூறு ஆண்டு முந்தியதா என்று கரியால் தீர்ப்புச் சொல்ல முடியாது. சகாயிங் போல இரு நூற்றாண்டுக்குள் பேசவேண்டிய பிளவில் இது கையைக் கட்டிப்போடும் குறை.

எனவேதான் மனிதன் கட்டியவை அங்கே அவ்வளவு மதிப்புப் பெறுகின்றன. பெகுவுக்கு வடக்கே பயாஜி அருகே 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் மண்சுவர் பிளவின் குறுக்கே ஓடுகிறது. இன்று அது நேராக இல்லை. பிளவைக் கடக்கும் இடத்தில் சுமார் 6 மீட்டர் விலகியிருக்கிறது. வாங் உள்ளிட்ட குழுவினர் அதை அளந்து, கோட்டைக்குள்ளேயே குழி வெட்டி, 2011இல் முடிவைச் சொன்னார்கள்: சுவர் எழுந்த பின் குறைந்தது இரண்டு பெரிய உடைப்புகள், சராசரி வேகம் ஆண்டுக்கு 11 முதல் 18 மி.மீ. கட்டிய காலம் எழுத்தில் இருப்பதால் கார்பனின் தயவு தேவைப்படவில்லை.

நெல்வயல் வரப்பும் இதே வேலையைச் செய்யும். 1930இல் பெகு உடைந்தபோது வெட்டுண்ட வரப்புகளைப் பிற்காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வான்படங்களோடு களத்துக்குப் போய்த் தேடி அளந்திருக்கிறார்கள். வரப்பில் ஒரு குறை: உழவர் அடுத்த பட்டத்திலேயே அதை நேராக்கிவிடுவார்.

1.3 வினாடி

2025க்கு வருவோம். நடுக்கத்துக்குப் பிறகு முதலில் எல்லாரும் தேடுவது ரேடார் செயற்கைக்கோள் படங்களை. ஐரோப்பிய சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் 5.6 செ.மீ., முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட வைத்தால் ஒவ்வொரு வண்ணவளையமும் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். உலகின் பல பிளவுகளில் இது அற்புதமாக வேலை செய்கிறது. சகாயிங்கில் செய்யாது. இந்தச் செயற்கைக்கோள்கள் துருவத்துக்குத் துருவம் பறந்துகொண்டு பக்கவாட்டில் பார்க்கின்றன, அதாவது கிழக்கு மேற்காக. சகாயிங் நழுவுவதோ வடக்கு தெற்காக. பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே நடக்கும் நகர்வு ரேடாருக்கு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசார், 24 செ.மீ. அலையால் காட்டையும் பயிரையும் ஊடுருவிப் பார்க்கும். ஆனால் அதன் பாதையும் துருவப் பாதைதான், இந்தக் குறை அதற்கும் உண்டு.

அதனால் படப்புள்ளிகளை நேரடியாக ஒப்பிட்டார்கள். சென்டினல்-2 ஒளிப்படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். நடுக்கத்துக்கு முந்தைய படத்தின் ஒரு சிறு சதுரத்தைப் பிந்தைய படத்தில் தேடிப் பொருத்தினால், புள்ளியின் பத்தில் ஒரு பங்குவரை நகர்வைப் பிடிக்கலாம். பல மீட்டர் நழுவிய இடத்தில் அது போதும். அறுவடை முடிந்த வயல், ஐராவதியின் மணல்திட்டு, சூரியக் கோண மாற்றத்தால் நீளும் நிழல் ஆகியவை பொய்யான நகர்வைக் காட்டும். அவற்றை மறைத்துவிட்டுக் கணக்கிட வேண்டும். இப்படிக் கிடைத்த படத்தில்தான் உடைப்பின் நீளம் கத்தியால் கீறியது போலத் தெரிந்தது.

பிளவிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நேப்பியிதோவில் இருந்த ஒரே ஒரு நிலநடுக்கமானி இன்னொரு செய்தியைப் பதிந்துவைத்திருந்தது. தெற்கே பாய்ந்த உடைப்பு கடந்த தூரத்தை, அந்த நிலையத்தை எட்ட எடுத்த நேரத்தால் வகுத்தால் வினாடிக்கு 5 கி.மீ. அளவுக்கு வேகம் வருகிறது. அங்கே பாறையில் குறுக்கலை ஓடும் வேகம் 3.5 கி.மீ.தான். தான் எழுப்பும் அலையையே முந்திக்கொண்டு உடைப்பு ஓடியிருக்கிறது. அப்படி ஓடும்போது அலைகள் ஒன்றுசேர்ந்து கூம்புபோல் குவிந்து, பிளவை விட்டு வெகுதூரம் வரை வலுக்குறையாமல் போகும். நேரான, வழுவழுப்பான, நீண்ட பிளவுகளில்தான் இந்த ஓட்டம் கைகூடும். சகாயிங் அந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

எல்லாவற்றையும் மிஞ்சிய சாட்சி ஒரு காவல் கேமரா. நடுக்க மையத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கி.மீ. தள்ளி ஒரு சூரிய மின் நிலையத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவின் கண்ணெதிரே பிளவு திறந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கீர்ஸ், கனேகோ இருவரும் அந்தக் காணொளியைப் படம் படமாகப் பொருத்தி அளந்தார்கள். தரை 1.3 வினாடியில் 2.5 மீட்டர் நழுவியது, உச்சவேகம் வினாடிக்கு 3.2 மீட்டர், பாதை நேர்கோடாக இல்லாமல் மெல்ல வளைந்தது. பிளவின் அசைவைத் தூரத்து அலைகளிலிருந்து ஊகித்தே பழகிய துறைக்கு இது நேரில் கிடைத்த முதல் அளவீடு. கேமராவும் சேர்ந்து ஆடும் என்பதால், அசையாத பின்புலப் பொருளை வைத்து ஆட்டத்தைக் கழிப்பதில்தான் அந்த ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு.

கணக்கு எங்கே கோணியது

1956இல் 7 அளவில் உடைந்த சகாயிங் பகுதியில் 2025 வரை 69 ஆண்டு. 20 மி.மீ. வீதம் போட்டால் பாக்கி 1.4 மீட்டர். அங்கே நழுவியதோ 3 மீட்டருக்கு மேல். இதற்கு ஒரே நேர்மையான விளக்கம், 1956 முழுப் பாக்கியையும் தீர்க்கவில்லை என்பதுதான். 1839க்குப் பின் சேர்ந்ததில் ஒரு பகுதியைத் தீர்த்துவிட்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளியிருக்கிறது. "போன தடவை உடைந்த இடம், இனி நூறு ஆண்டுக்குப் பயமில்லை" என்று வரைபடத்தில் பச்சை பூசும் வழக்கம் இங்கே அடிபட்டுப்போகிறது. அன்டுவான், அவுவாக் உள்ளிட்ட குழு 2025இலேயே வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: உடைப்புத் துண்டுகளின் எல்லைகள் ஒவ்வொரு சுற்றிலும் மாறுகின்றன, நிலநடுக்கங்கள் கொத்தாகவும் வருகின்றன.

கொத்துக்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டாம். 1929இல் ஸ்வா, 1930 மேயில் பெகு, அதே ஆண்டு டிசம்பரில் பியூ, 1931 ஜனவரியில் வடக்கே காமைங். பிறகு 1946இல் ஒரே நாளில் இரண்டு. ஒரு துண்டு நழுவினால் அதன் முனைகளில் அடுத்த துண்டின் மேல் தகைவு ஏறுகிறது. ஏற்றம் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மெகாபாஸ்கலுக்குள்தான். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் துண்டுக்கு அது போதுமானது.

தவணை தவறாத நிலநடுக்கம் என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்கு இரண்டு பழைய வழக்குகள் பாடம். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என 6 அளவு நடுக்கங்கள் வந்தன, சராசரி 22 ஆண்டு. அடுத்தது 1993க்குள் வரும் என்று 95 விழுக்காடு உறுதியோடு அறிவித்துக் கருவிகளைக் குவித்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28. அளவு 6.0, இடம் அதுவே, காலம் மட்டும் பதினோரு ஆண்டு பிந்தியது. ஆறு தேதிகளின் சராசரியில் இருந்த நம்பிக்கை அந்தத் தேதிகளின் எண்ணிக்கைக்கு மீறியது.

மற்றது ஜப்பானின் கமைஷி கடலடி. 4.8 அளவில் ஒரே ஒட்டுத்துண்டு ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை உடைந்துவந்தது. பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அலைக்கோடுகள் அச்சுக்கு அச்சு பொருந்தும். அடுத்தது 2001 நவம்பர் கடைசிக்குள் வரும் என்றார்கள், நவம்பர் 13இல் வந்தது. சுற்றிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் பரப்பின் நடுவே தனியாகப் பூட்டிய சிறு ஒட்டு அது, அண்டை அயலார் தொந்தரவு இல்லை. அதனால்தான் அந்த ஒழுங்கு. 2011 மார்ச்சில் தோஹோக்குப் பெருநடுக்கம் வந்து சுற்றுப்புறத்தை வேகமாக ஊர வைத்ததும் அந்த ஒழுங்கும் போயிற்று. அதே மாதத்தில் அதே இடத்தில் 5.9 வந்தது. பிறகு வெகுகாலம் அடிக்கடி வந்தது. சகாயிங் கமைஷி வகையைச் சேர்ந்ததல்ல. அங்கே எல்லாத் துண்டுகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

தெற்கே மிச்சம்

2025 உடைப்பின் தென்முனைக்கு அப்பால் 1930இல் உடைந்த பியூ, பெகு துண்டுகள். அவற்றில் 2025 வரை 95 ஆண்டுப் பாக்கி, 18 மி.மீ. வீதம் 1.7 மீட்டர். 1930 எதையும் மிச்சம் வைக்காமல் தீர்த்திருந்தால்தான் இந்த எண் சரி. அதற்கும் தெற்கே, 16.6° அட்சத்துக்குக் கீழே அந்தமான் கடலுக்குள் இறங்கும் பகுதியை ஹுருகாவா, ஃபியோ மவுங் மவுங் இருவரின் கட்டுரை நழுவாமல் கிடக்கும் இரண்டாவது துண்டாகக் குறித்திருந்தது. பயாஜிச் சுவரை அளந்த குழு, தென்பகுதியின் ஒரு துண்டு சில பத்தாண்டுகளுக்குள் 7க்கு மேற்பட்ட நடுக்கத்தைத் தரக்கூடும் என்று எழுதியது. யாங்கூன் (பழைய ரங்கூன்) இந்தப் பிளவுக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் பெருநகரம்.

இங்கே தேவைப்படுவது 1930இன் இரண்டு உடைப்புகளும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்ற விவரம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அப்போதே ஊர் ஊராகப் போய்ச் சேதத்தைப் பதிந்தார்கள். பெகுவில் 500 பேர் அளவில் இறந்தார்கள், ஷ்வேமாடோ கோபுரம் சரிந்தது. ஆனால் சிற்றூர்களின் விவரம் இடைவெளிகளோடுதான் இருக்கிறது. அதே ஆண்டில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. தென்பர்மாவில் கடையில்லாத ஊர் அரிது. அந்தக் கடைகளிலிருந்து மேலாட்களும் அடுத்தாட்களும் ஊருக்கு எழுதிய கடிதமோ, பேரேட்டில் சுவர் செப்பனிட்ட செலவோ, செட்டிநாட்டு வீட்டுப் பெட்டியில் ஏதேனும் கிடந்தால் அது அந்த ஊரின் ஆட்டத்தின் அளவைச் சொல்லும் முதல்நிலைச் சான்று.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. 1930இன் இரண்டு நடுக்கங்களும் பிரமோதூத வருடம்: பெகு சித்திரையில், பியூ கார்த்திகையில். பெகு நடுக்கம் மே 5 இரவு ரங்கூன் நேரப்படி எட்டேகால் வாக்கில் வந்தது, நாழிகையில் எழுதியிருந்தால் பொழுது சாய்ந்து நாலரை நாழிகை என்று வரும். பியூ நடுக்கம் நள்ளிரவுக்குப் பின் ஒன்றேகால் வாக்கில் வந்தது. ஆங்கிலத் தேதி டிசம்பர் 4. ஆனால் விடியலிலிருந்து நாளை எண்ணுகிறவர் 3ஆம் தேதி இரவு என்றே எழுதியிருப்பார். அதை வேறொரு நடுக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. "பயங்கரமாக ஆடிற்று" என்ற வரியால் பெரிய பயனில்லை. எந்த ஊர், கட்டடம் செங்கல்லா மரமா, எது விழுந்தது, எது விழவில்லை, எந்தத் திசையில் சாய்ந்தது, கிணற்றுத் தண்ணீர் கலங்கியதா, வயலில் மணல் பீறிட்டதா என்ற விவரங்களே பன்னிரண்டு படி கொண்ட ஆட்ட அளவுகோலில் ஓர் எண்ணாக மாறும். எதுவும் விழவில்லை என்ற செய்திக்கும் அதே மதிப்பு உண்டு. உடைப்பு எங்கே நின்றது என்பதைக் காட்டுவது பெரும்பாலும் அத்தகைய ஊர்களே. உறையில் உள்ள அஞ்சல் முத்திரையையும் சேர்த்துப் படமெடுத்து வைக்க வேண்டும். கடிதம் எழுதிய ஊரும் நடுக்கத்தை உணர்ந்த ஊரும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அது ஒன்றுதான் துணை.